ஜீப்பின் இடது ஆசனம்

ஜீப் என் மனைவியுடையது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக் கட்டடத்தில் பலர் அது என்னுடையது என்றே நினைத்திருந்தார்கள், நானும் திருத்தியதில்லை. அவள் அரசாங்கத்தில் மண் பரிசோதனை வேலை பார்த்தவள். அநுராதபுரத்துக்கு அப்பால், கார் போகாத குளக்கரைகளுக்கெல்லாம் தானே ஓட்டிக்கொண்டு போய், மண்ணைத் தோண்டிப் பைகளில் கட்டிக்கொண்டு வருவாள். அதற்காகத்தான் அந்த ஜப்பான் டீசல் ஜீப்பை வாங்கினாள். வாங்கும்போதே அது பழசு. நாங்கள் இரண்டுபேரும் எங்காவது போனால் வலப்பக்கம் அவள் ஓட்டுவாள், இடப்பக்கம் நான் இருப்பேன். எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் நான் கியர் போடுகிற சத்தம் அவளுக்குப் பல்லைக் கூசவைக்குமாம்.

பென்சன் எடுத்த பிறகு அவளுக்கு ஓர் இருமல் பிடித்தது. வறட்டு இருமல், போகவே இல்லை. நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்று ஸ்கான் எடுத்தபின் சொன்னார்கள். ஏன் வந்தது என்று கேட்டோம். சிலருக்கு அப்படி வரும் என்றார் டொக்டர். மண் தூசியாலா என்று அவள் கேட்டாள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். அந்தப் பதிலோடு வீட்டுக்கு வந்தோம். முதலில் படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு குளிக்க முடியாமல் போயிற்று. கடைசியில் இரவும் பகலும் ஒட்சிசன் வேண்டியிருந்தது.

கட்டிலருகே ஒரு மெசின் வந்து சேர்ந்தது. அறையின் காற்றை இழுத்து, ஒட்சிசனைப் பிரித்து, நீளமான குழாயால் மூக்குக்கு அனுப்புகிற மெசின். கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் 'புஸ்' என்று பெருமூச்சு விடும். மெல்பேர்னில் இருக்கிற மகள் போன் எடுக்கும்போது, "ஆரம்மா பக்கத்தில மூச்சு விடுறது?" என்று கேட்பாள். "அது என்ர புது மாப்பிளை" என்று இவள் சொல்லுவாள்.

அந்த மெசின் கரண்டில் ஓடுவது. நாடு கரண்ட் இல்லாமல் போனதும் அந்தக் காலத்தில்தான்.

முதலில் ஒரு மணித்தியாலம் வெட்டினார்கள். அதற்கு ஒரு பற்றரியும் இன்வேர்ட்டரும் போதுமாக இருந்தன. பற்றரியின் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றித் தருகிற பெட்டிதான் இன்வேர்ட்டர். நான் தொலைபேசி நிலையத்தில் பற்றரி அறை பார்த்தவன். இந்த வேலையெல்லாம் எனக்குக் கைவந்தது. பிறகு வெட்டு நீண்டுகொண்டே போயிற்று. பற்றரி மறுபடி நிறைவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும். இன்னொரு பற்றரி வாங்கலாம் என்றால் கடைகளில் சாமான் இல்லை. ஒட்சிசன் சிலிண்டருக்கு ஆஸ்பத்திரிகளே அலைந்தன. எங்களிடம் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் மட்டும் இருந்தது. தொடர்மாடியின் ஜெனரேற்றர் டீசல் இல்லாமல் கீழே மூடிக் கிடந்தது.

ஜீப்பின் யோசனை அவளுடையது.

"இஞ்சாருங்கோ, ஜீப் சும்மாதானே நிக்குது. எஞ்சின் ஓடினா கரண்ட் வரும்தானே. நான் பின்னுக்கு இருக்கிறன், இன்வேர்ட்டரை அதில மாட்டுங்கோ."

"டீசலுக்கு எங்க போறது?"

"அது உங்கட பாடு" என்றாள்.

டீசல் எப்படிக் கிடைத்தது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. வரிசையில் நின்றேன், தெரிந்தவர்களைப் பிடித்தேன், கிடைத்தது.

வெட்டு வருவதற்குச் சற்று முன்பே, லிஃப்ட் ஓடும்போதே, அவளைக் கீழே இறக்கிவிடுவேன். பின் ஆசனத்தில் தலையணை போட்டுச் சாய்த்து, மெசினை அவள் காலடியில் கயிற்றால் கட்டி, எங்கள் ஒழுங்கையின் கடைசிக்குப் போவேன். தண்டவாளத்துக்கும் கடலுக்கும் முன்னால் அங்கே ஜீப் நிற்க இடமிருக்கிறது. கடற்காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஒருவருக்கும் தொந்தரவில்லை. நான் ஸ்டியரிங்கில் இருப்பேன். நாங்கள் இரண்டுபேரும் ஜீப்பில் இருந்தும் முதற்தடவையாக இடது ஆசனம் வெறுமையாக இருந்தது.

முதல் நாளே பிழையாகப் போயிற்று. கொஞ்ச நேரம் எல்லாம் சரியாகத்தான் ஓடிற்று. பிறகு டாஷ்போட் வெளிச்சம் மங்கிற்று. நான் அக்சிலறேற்றரை மிதித்தேன். வெளிச்சம் கூடிற்று, காலை எடுக்க மீண்டும் மங்கிற்று. காரணம் எனக்கு உடனே விளங்கியது. எஞ்சின் சுழலும்போது கரண்ட் செய்து தருவது ஒல்டனேட்டர். அந்தப் பழைய ஒல்டனேட்டர் இரண்டு ஹெட்லைட்டுக்கும் ஒரு வைப்பருக்கும் ரேடியோவுக்கும் என்று செய்யப்பட்டது. ஜீப் ஒரே இடத்தில் நிற்க, எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதனிடம் கொடுக்க ஒன்றுமில்லை. மெசின் பற்றரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் விளங்கிக்கொண்டிருந்தபோதே இன்வேர்ட்டர் கத்தத் தொடங்கியது. நீண்ட ஒற்றைக் கத்தல். பிறகு மெசின் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஒரு கையை உயர்த்தி, அவசரப்பட வேண்டாம் என்று காட்டினாள். அவளுடைய நகங்கள் நாவற்பழம் தின்ற வாய்போலக் கறுத்துக்கொண்டு வந்தன. சின்ன சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினேன். குழாயின் முனை முதலில் பிடிக்கவில்லை, மாட்டுவதற்கு நேரமெடுத்தது. லிஃப்ட் ஓடாது, மேலே போகவும் வழியில்லை. சிலிண்டரின் முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, கரண்ட் வரும்வரை இருந்தோம். கரண்ட் வந்தது. முள்ளும் ஏறக்குறைய அடியில் நின்றது.

பெரிய ஒல்டனேட்டர் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கொட்டாஞ்சேனையில், கோயில் ஒழுங்கையொன்றில், வாகனங்களின் கரண்ட் வேலை செய்கிற ஒரு மெக்கானிக் இருந்தார், எல்லாருக்கும் அவர் பாஸ். துறைமுகத்து லொறிகளெல்லாம் அவரிடம்தான் போகும். போனில் கேட்டேன்.

"கொண்டு வாங்க அண்ணே. சாமான மட்டும் நீங்க தேடிக்கிட்டு வாங்க. இப்ப என்கிட்ட ஸ்டொக் இல்ல" என்றார்.

"வேலை முடியுமட்டும் மனிசியை எங்க விடுறதெண்டு தெரியேல்லை."

"கூட்டிக்கிட்டே வாங்க. உங்க பக்கம் கரண்ட் இல்லாத நேரம் எங்க பக்கம் இருக்கும். அக்கா எங்க வீட்டு ஹோல்ல இருக்கட்டும்."

பழைய வாகனச் சாமான்கள் விற்கிற பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்து பெரிய ஒல்டனேட்டர் ஒன்றை வாங்கினேன். மறுநாள் காலை அவளையும் மெசினையும், அலைந்து மறுபடி நிரப்பிய சின்ன சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கராஜ் என்பது பாஸின் வீட்டு முற்றம்தான். பாஸின் மனைவி ஹோலில் கதிரை போட்டுக் கொடுத்தா. மெசினை அவர்களுடைய சுவரில் மாட்டினோம். சுவரில் இயேசுவின் படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்ப் எரிந்தது. அது அணைந்தால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். என் மனைவி கதவோரம் இருந்து ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாஸ் பழைய ஒல்டனேட்டரைக் கழற்றி வெளியே எடுத்தார். நான் கொண்டுபோனதை ஜீப்புக்குள் வைக்கக் குனிந்தபோது ஹோலுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ. அதுக்குப் பின்னால பம்ப் எங்க?"

இரண்டுபேரும் நிமிர்ந்தோம். அந்த வகை டீசல் ஜீப்புகளில் ஒல்டனேட்டரின் முதுகிலேயே ஒரு சின்ன பம்ப் பூட்டியிருக்கும். பிரேக்கை இலேசாக மிதிக்க உதவுவது அந்த பம்ப்தான். நான் வாங்கிய ஒல்டனேட்டரின் முதுகு வழவழவென்று மொட்டையாக இருந்தது. இதைப் பூட்டியிருந்தால் கரண்ட் நன்றாக வந்திருக்கும்; திரும்பி வரும்போது காலி வீதி நெரிசலில் பிரேக்கை மிதித்தால் ஜீப் லேசில் நின்றிருக்காது.

"அக்கா சொல்றது சரி. நானும் பார்க்கல்ல" என்றார் பாஸ், தலையைச் சொறிந்துகொண்டு.

"நான் ஒருக்கால் மதவாச்சிப் பக்கம் இந்த பம்ப் பழுதாகி, பிரேக் இல்லாமல் வந்தனான்" என்றாள் அவள். எனக்கு அது தெரியாது. அவள் எனக்குச் சொல்லவே இல்லை.

ஓட்டோ பிடித்து மறுபடியும் பஞ்சிகாவத்தைக்கு ஓடினேன். கடைக்கார முஸ்லிம் அண்ணன், நானா என்றுதான் கூப்பிடுவோம், என் முகத்தைப் பார்த்ததும் எழும்பி உள்ளே போனார். எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பம்புடன் இருந்தது. கனமானது.

"இது ஆம்புலன்ஸ்ல ஓடினது சேர். நல்ல சாமான் ஈக்குது. ஆம்புலன்ஸுக்கு லேசான சாமான் போடுவாங்களா?"

அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு இல்லை. முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஓட்டோ குலுங்கும்போதெல்லாம் அதன் பாரம் தொடையை அழுத்திற்று. எத்தனை பேர் இதன் கரண்டில் மூச்சு விட்டிருப்பார்கள், அதில் எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று மனம் தேவையில்லாமல் கணக்குப் பார்த்தது.

பாஸ் வேகமாகத்தான் வேலை செய்தார். இவ்வளவு கரண்டைப் பழைய வயர் தாங்காது, உருகிப்போகும் என்பதால் பற்றரிவரைக்கும் தடித்த கேபிள் இழுத்தார். மெதுவாக ஓடும்போதும் ஒல்டனேட்டர் விரைவாகச் சுழலட்டும் என்று பெல்ட் ஓடுகிற சில்லைச் சின்னதாக மாற்றினார். அதற்கேற்ற பெல்ட்டுக்கு அடுத்த ஒழுங்கைக்குப் போய்வந்தார். பாஸின் மனைவி அவளுக்குப் பிளேன்டீயும் மாரி பிஸ்கட்டும் கொடுத்தா. இரண்டு பெண்களும் ஏதோ கதைத்துச் சிரிப்பது கேட்டது.

வேலை முடிவதற்கு முன்னமே கரண்ட் போயிற்று. நேர அட்டவணைப்படி போகவேண்டிய நேரமல்ல. சிவப்பு பல்ப் அணைந்தது, மெசின் நின்றது. நான் சின்ன சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை குழாய் உடனே பிடித்தது. பாஸ் குனிந்து இறுக்கிக்கொண்டேயிருந்தார். கடைசி நட்டை இறுக்கிவிட்டு, "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.

பெல்ட் ஒருமுறை வீரிட்டது. அவர் அதை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினார். மீண்டும் ஸ்டார்ட் செய்தேன். ஹெட்லைட்டைப் போட்டேன், மங்கவில்லை. அவளைத் தாங்கிக்கொண்டு வந்து பின்னால் ஏற்றி மெசினை மாட்டினோம். டாஷ்போட் மீற்றரின் முள் சற்று இறங்கி, பிறகு தானாகவே எழும்பி நின்றது. 'புஸ்' என்றது மெசின். பாஸின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டா.

புது ஒல்டனேட்டரில் ஒரு சத்தம் இருந்தது. மெல்லிய, மேலே ஏறி ஏறி இறங்குகிற ஊளை. எஞ்சின் வேகம் கூடினால் அதுவும் கூடும். "பெயரிங் சத்தம்தான் அண்ணே, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றார் பாஸ்.

பொழுதுபடுகிற நேரம் புறப்பட்டோம். சிக்னல் விளக்குகள் ஒன்றும் எரியவில்லை. புறக்கோட்டையில் பஸ்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. மூட்டை சுமக்கிற நாட்டாமைகள் இருட்டுக்குள் தள்ளுவண்டிகளோடு குறுக்கே வந்தார்கள். நான் பிரேக்கும் கிளச்சுமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அவள் கேட்டாள்.

"முன்னுக்கு ஆரை ஏத்தினனீங்கள்?"

"ஒருத்தரையும் ஏத்தேல்லை."

"பாஸின்ர ஆக்கள் ஆரும் வருகினமோ?"

"இல்லையப்பா. நானும் நீரும்தான்."

கண்ணாடியில் பார்த்தேன். அவள் இடது ஆசனத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த முகமல்ல. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரைத் தெரியுமோ தெரியாதோ என்று யோசிக்கிற முகம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் விரலில் மீற்றரை மாட்டிப் பார்த்தேன். ஒட்சிசன் நல்ல அளவில் இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெட்டுக்கும் கடற்கரை முனைக்குப் போனோம். ஒல்டனேட்டர் ஒருநாளும் கைவிடவில்லை. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டேயிருக்கும். பின்னால் மெசின் மூச்சு விடும். முன்னால் அந்த ஊளை. மாலை ரயில்கள் வாசல்வரைக்கும் ஆட்கள் தொங்க எங்களைக் கடந்து போகும். நான் பேப்பர் வாசிப்பேன். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கடலைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மழைக்காற்று அடித்தது. "அந்தப் பக்கக் கண்ணாடியைச் சாத்துங்கோவன். அவவுக்குக் குளிருது" என்றாள்.

"ஆருக்கு?"

"முன்னுக்கு இருக்கிறவவுக்கு."

நான் பேப்பரை மடித்து வைத்தேன். பக்கத்தில் ஒருவருமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தலையைத் திருப்பக் கொஞ்ச நேரமெடுத்தது. ஒருவருமில்லைத்தான்.

"எப்பிடி இருக்கிறா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியாது.

"முகம் தெரியாது. திரும்பிறேல்லை. தலை நல்லா நனைஞ்சிருக்கு. தோய்ஞ்சிட்டு வந்தமாதிரி. சட்டையின்ர முதுகும் ஈரம்."

"கதைக்கிறாவோ?"

"இல்லை. கடலைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கிறா."

கண்ணாடியைச் சாத்துவதற்காக இடது ஆசனத்தின்மேல் கையை ஊன்றினேன். சீட் ஈரமாக இருந்தது. கண்ணாடி அரைவாசி திறந்திருந்தது, கடல் தூவானம் உள்ளே வந்திருக்கும். அப்படித்தான் அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றும் அதைத்தான் சொல்லுவேன். ஆனால் அந்த ஈரம் உள்ளங்கையில் பட்டபோது வந்த கூதல் தோள்மூட்டுவரைக்கும் ஏறியது உண்மை.

டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவள் குடிக்கிற ஸ்டெரோயிட் குளிசைக்குச் சிலருக்கு இப்படி ஆட்கள் தெரிவதுண்டு என்றார். "அவங்க பயப்படுறாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப விட்டிடுங்க. குளிசையைக் குறைச்சா மூச்சு மோசமாகும்."

பயந்தது நான். மரணம் வந்து முன் சீட்டில் காத்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டு இறங்காமல் போன யாரோ ஒரு பெண், மழையிலோ ஆற்றிலோ நனைந்தவள், ஒல்டனேட்டரைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்துவிட்டாள் என்று நினைத்தேன். படித்தவன் நினைக்கிற நினைப்பல்ல. ஆனால் இருளத் தொடங்குகிற கடலுக்கு முன்னால், அந்த ஊளையைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வெறுமையை ஒதுக்கி வைத்துப் பல மாலைகள் இருந்து பார்த்தால் அப்படித்தான் நினைப்பு வரும். இடப்பக்கத் தோள் எனக்கு எப்போதும் விறைத்தே இருந்தது. கியர் போடும்போதுகூட முழங்கை அங்கே போகாமல் பார்த்துக்கொண்டேன்.

நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்கள் ஏன் பயப்பிடுறியள்? அவ என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவ இல்லை."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பிடியெண்டா பின்னுக்கெல்லோ வந்திருப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலானது, இருமல் அடங்க நேரமெடுத்தது. நான் இறங்கிப் பின்னால் போய் முதுகைத் தடவினேன். அன்று முழுக்கப் பின்னாலேயே, மெசினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தேன். எஞ்சின் தன்பாட்டில் ஓடிற்று. முன்னால் இரண்டு ஆசனங்களும் வெறுமையாக இருந்தன. அவள் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி, "இப்ப அவவுக்குத் தனிய எல்லோ" என்றாள்.

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த வாரம் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நானா என்னை அடையாளம் கண்டு, சாமான் பழுதோ என்று கேட்டார்.

"பழுதில்லை. அந்த ஆம்புலன்ஸ் எங்கத்தையது எண்டு அறியலாமோ? என்ன நடந்தது அதுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஏன் சேர்?"

"வீட்டில ஒரு பிரச்சினை. உண்மையைச் சொல்லுங்கோ."

"உண்மையச் செல்றதா இருந்தா, ஆம்புலன்ஸ் இல்ல சேர். அப்படிச் சென்னா ஆக்கள் நம்பி எடுப்பாங்க. நீங்க அன்டைக்கு வந்த மாதிரி பார்த்தா, ஏதாச்சும் செல்லி உங்களுக்கு மனசு ஆறட்டும்னு நெனச்சேன். அது மீன் லொறி. நீர்கொழும்பால ஐஸ் அடிச்சு மீன் கொண்டு வார லொறி. குளிர்ப்பெட்டிக்கு நெறைய கரண்ட் வேணும், அதனால பெரிய சாமான் போட்டிருந்தாங்க. வேற ஒண்டும் இல்ல. அல்லா மேல சத்தியம்."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். புறக்கோட்டையில் பஸ் ஏறும்வரை நெஞ்சு இலேசாக இருந்தது. மீன் லொறி. இவ்வளவு நாளும் மீன் லொறிக்கா பயந்தேன் என்று தனியே சிரித்தேன். பஸ் கொம்பனித்தெருவைத் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் என்று இருந்தவரை அந்தப் பெண்ணுக்கு ஓர் ஊர் இருந்தது. வந்த வழியொன்று இருந்தது. இப்போது அதுவுமில்லை. எங்கிருந்தோ வந்து, எங்கள் ஜீப்பில், எத்தனையோ வருடம் நான் இருந்து பழகிய இடத்தில் அமர்ந்திருக்கிறாள். அவள் யார் என்று கேட்க இனி ஒரு கடையும் இல்லை.

மனைவியிடம் மீன் லொறிக் கதையைச் சொன்னேன். "ஐஸ் லொறியெண்டா குளிருந்தான்" என்றாள்.

வெட்டுகள் மெல்லக் குறைந்தன. பிறகு நின்றன. ஜீப் தன் இடத்தில் நின்றது. அவள் மேலே கட்டிலில் இருந்தாள். நாடு முழுக்க மூச்சு வந்ததுபோல ஆட்கள் கதைத்தார்கள். அவளுக்கு மட்டும் குறைந்துகொண்டே போயிற்று. மெசினின் அளவை டொக்டர் கூட்டினார். கொஞ்சநாளில் மேலும் கூட்டினார்.

ஒரு பின்னேரம், கடற்கரைக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

"கரண்ட் இருக்குதானே" என்றேன்.

"கரண்டுக்கில்லை."

கீழ்வீட்டுப் பெண் வந்து ஒரு பக்கம் பிடித்தா. பழைய மாதிரியே தலையணை, கயிறு, குழாய். ஒழுங்கை முனையில் ஜீப்பை நிறுத்திவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். வெயில் தணிந்திருந்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. அவள் கொஞ்ச நேரம் இடது ஆசனத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள்.

"அவ எழும்பிப் போயிட்டா போலை" என்றாள்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. யாரோ விட்டுப் போய்விட்டமாதிரி இருந்தது. ரயிலொன்று போனது. இருட்டத் தொடங்குவதற்கு முன் அவளை மேலே கொண்டுபோய்விட்டேன்.

மழைக்காலம் தொடங்கி, ஒரு காலைநேரத்தில், நான் தேத்தண்ணி ஊற்றப் போயிருந்தபோது அவள் போனாள். கரண்ட் இருந்தது. மெசின் சரியாக ஓடிற்று. ஒன்றும் பிழையாகவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காதது. இவ்வளவு பாடுபட்டுக் கரண்ட் கொண்டுவந்தோம், அது இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். காலடியில் மெசின் 'புஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டேயிருந்தது. அதை நிறுத்த என்னால் முடியவில்லை. கீழ்வீட்டுப் பெண் வந்துதான் சுவிட்சை அணைத்தா. அதற்குப் பிறகுதான் வீட்டில் எவ்வளவு அமைதி இருக்கிறது என்று தெரிந்தது.

மெசினை வேறொரு நோயாளியின் வீட்டுக்குக் கொடுத்தேன். மகள் வந்து ஒரு மாதம் நின்றாள். போகும்போது ஜீப்பை விற்கச் சொன்னாள். வெள்ளவத்தையில் எனக்கு எதற்கு அப்படியொரு வாகனம், நடந்தே எல்லா இடமும் போகலாம் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். விளம்பரம் போட்டேன்.

களனியிலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தார்கள். சிங்களப் பிள்ளைகள், காடு மலை சுற்றப் போகிறவர்கள். பையன் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஒல்டனேட்டர் ஏன் போட்டீர்கள் அங்கிள் என்று கேட்டான். வீட்டில் நோயாளி இருந்தார் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இதில் ஃபிரிட்ஜும் லைட்டும் எல்லாம் ஓடும் என்று அவன் சந்தோசப்பட்டான். ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். தாராளமாக என்றேன். அவன் வலப்பக்கம் ஏறினான். அந்தப் பெண் பிள்ளை இடப்பக்கக் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தது.

"அங்க வேண்டாம் மகள்" என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு சிங்களத்தில், அந்த ஆசனத்தின் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, பின்னால் ஏறுங்கள் என்றேன்.

பிள்ளை மறுக்காமல் இறங்கிப் பின்னால் ஏறியது. அவர்கள் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். பையனுக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று. ஸ்பிரிங்கைத் தான் செய்துகொள்வதாகச் சொன்னான். யோசித்துவிட்டுப் போன் எடுக்கிறேன் என்று அவனுடைய நம்பரை வாங்கிக்கொண்டேன். நான் எடுக்கவில்லை. அவன் இரண்டொரு தடவை எடுத்தான். மகளின் புருஷனுக்கு வேண்டுமாம் என்று ஒரு பொய் சொன்னேன்.

டீசல் எஞ்சினை நாட்கணக்கில் சும்மா விடக்கூடாது. அதனால் வாரத்தில் ஒரு பின்னேரம் ஜீப்பை ஒழுங்கை முனைக்குக் கொண்டுபோய் கடலைப் பார்த்து நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் இருக்கிறேன். இடப்பக்கக் கண்ணாடியைச் சாத்திவிடுகிறேன். பக்கத்து ஆசனத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை என்பது நிச்சயமாகிவிடும். முன்பு யாராவது இருந்துவிடுவார்களோ என்று பார்க்கப் பயந்தேன்.

இருளுகிற நேரம் எஞ்சினை நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு மேலே போகிறேன்.